நாற்பத்திரண்டாவது நிமிடம்

ஆகஸ்ட் 6

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. போனில் கூப்பிடலாம் என்றால் நீ பேசக் கூடாது. செய்தி அனுப்பலாம் என்றால் போனையே சித்தி வீட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாயாம். சித்திதான் சொன்னாள். "உன் அக்கா ஸ்லேட்டுல எழுதித்தான் தண்ணி கேக்குறா. அதுலயும் முற்றுப்புள்ளி வைக்காம விடமாட்டேங்குறா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சண்டையைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். ஆசிரியர் கூட்டத்தில் நான் அந்தப் புதிய பாட அட்டவணையை எடுத்து வைப்பதற்கு முன் உன்னிடம் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்றால் எனக்குத் தைரியம் போய்விடும். அதனால்தான் நேராகக் கூட்டத்தில் வைத்தேன். நீ எழுந்து நின்று கத்தினாய். "கணக்குன்னா தினமும் வேணும்" என்று ஆரம்பித்து "வேணும்" என்பதோடு குரல் போனது. அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்று மாதம் வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோது நீ என் பக்கம் திரும்பவும் இல்லை.

விஷயம் இன்னும் முடிவாகவில்லை. உனக்குத் தெரியும், இப்போது நமக்கு நாளுக்கு எட்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு நிமிடம். நான் கேட்பது, இரண்டிரண்டாகச் சேர்த்து நாளுக்கு நான்கு, ஒவ்வொன்றும் எண்பத்து நான்கு நிமிடம். ஒரு நாள் நான்கு பாடம், மறுநாள் மற்ற நான்கு. ஆசிரியர் அறையில் இதற்கு 'நீட்டு பீரியட்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்புகிறார்கள். கணக்கு ஆசிரியர்கள் நான்கு பேரும் ஒரே குரலில், "அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்கிறார்கள். அக்டோபரில் ஓட்டெடுப்பு. உன் ஓட்டைக் கடிதத்தில் அனுப்பலாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அவர் உன்னிடம் நேரில் சொன்னதில் மாற்றமில்லை. நவம்பரில் பருவம் தொடங்கும்போது உன்னால் வகுப்பு எடுக்க முடியாது என்றால், உனக்கு நூலக அறையில் பதிவேடு. உன் வகுப்புகள் எல்லாம், உனக்குப் பதிலாக வந்திருக்கும் லீவு டீச்சருக்கே நிரந்தரம்.

வரைவு அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

உன் தங்கை


ஆகஸ்ட் 12

பொடிசு,

திட்டுவதற்கு அனுமதி கொடுத்ததற்கு நன்றி. நீ கொடுக்காவிட்டாலும் திட்டியிருப்பேன்.

வரைவைப் பார்த்தேன். கண்ணாடி போட்டு ஒரு தரம், கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தரம். தமிழுக்கு ஆள் இருக்கிறது, அறிவியலுக்கு நீ இருக்கிறாய், பாட்டு டீச்சர் இருக்கிறாள், வருடம் முழுக்க முட்டி வலி என்று உட்கார்ந்தே இருக்கும் விளையாட்டு மாஸ்டர்கூட இருக்கிறார். என் கணக்கு வகுப்புகளுக்கு நேராக மட்டும் ஒன்றுமில்லை. எல்லாப் பிரிவுக்கும் வெறும் கட்டம். என்னை எடுத்துவிட்டு அங்கே யாரைப் போடுவது என்று எழுதக்கூட உனக்குக் கை கூசியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. இருபத்தொன்பது வருடம் அட்டவணைப் பலகையில் அந்தக் கட்டத்தில் என் நீல அட்டை இருந்தது. அந்த அட்டைகளை வருடா வருடம் பழைய நாள்காட்டியிலிருந்து வெட்டிக் கொடுத்ததே நான்தான்.

அட்டவணையைப் பற்றி என் கருத்து: கூடாது. கணக்கு என்பது பல் துலக்குவது மாதிரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மடங்கு நேரம் துலக்குகிறேன் என்று யாராவது சொல்வார்களா? பன்னிரண்டு வயசுப் பிள்ளை எண்பத்து நான்கு நிமிடம் ஒரே இடத்தில் உட்காருமா? உன் அறிவியல் சோதனை நாற்பத்திரண்டு நிமிடத்தில் முடியவில்லை என்றால் சோதனையைச் சுருக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சித்தி வீட்டு மாடி அறையில் ஜன்னலைத் திறந்தால் படகுத்துறை. காலையில் பனிமூட்டம் வந்து படகையும் துறையையும் மூடிவிடும். படகு இருக்கிறதா போய்விட்டதா என்று சங்குச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். பேசாமல் இருந்தால் நாள் ரொம்ப நீளம். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு முழு வாரம் போகிறது. சித்தி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள். நேற்று "தவளை தன் வாயால் கெடும்னு சொல்வாங்க, நீ கெட்டுட்ட" என்றாள். ஸ்லேட்டில் 'நுணல்' என்று திருத்தினேன்.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

அந்தக் கட்டத்தைப் பற்றி நீ நினைப்பது தவறு. ஆனால் எது சரி என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்கு இன்னும் வரவில்லை. கொஞ்சம் பொறு.

சோதனையைச் சுருக்கு என்கிறாய். பதினைந்து வருடமாகச் சுருக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் தண்ணீர் கொதிக்கும் பாடம். பிள்ளைகளை உட்கார வைத்து, பெயர் கூப்பிட்டு, அடுப்பை மூட்டி, நான்கு குழுவுக்கும் வெப்பமானி கொடுத்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு தரம் குறித்துக்கொண்டே வந்தால் எண்பத்தைந்து டிகிரியில் மணி அடிக்கும். ஒவ்வொரு வருடமும். நான் அடுப்பை அணைப்பேன். "மீதியைப் புஸ்தகத்துல பாத்துக்குங்க" என்பேன். என் வகுப்பில் தண்ணீர் கொதித்ததே இல்லை அக்கா. கொதிக்கும்போது வெப்பமானி அசையாமல் நிற்கும், அதுதான் பாடமே. அதை எந்தப் பிள்ளையும் என் அறையில் பார்த்ததில்லை. எனக்குக் கூடம் கோணலாகத்தான் தெரிகிறது.

செப்டம்பர் முதல் வாரம் ஒத்திகை. ஐந்து நாள் மட்டும் நீட்டு பீரியட். மணிக்காரரிடம் இடையில் வரும் மணிகளை அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். "அடிக்கலேன்னா நான் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

இன்னொன்று. லீவு டீச்சர் அந்த வாரம் ஊருக்குப் போகிறாள். ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக் கணக்கை நான் எடுக்க வேண்டும். உன் பிள்ளைகள். எண்பத்து நான்கு நிமிடம். என்ன செய்வது என்று இரண்டு வரி எழுதேன்.

பொடிசு


ஆகஸ்ட் 24

பொடிசு,

நீ நீட்டிய பீரியட், நீயே நீட்டிக்கொள்.

இரண்டு வரி கேட்டாய். மேலே ஒரு வரி, இது இரண்டாவது.

சரி, மனசு கேட்கவில்லை, ஒரு கனவை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குள் இந்தத் துறையின் பனிமூட்டம் வந்துவிட்டது. வராந்தாவில் கணுக்கால் உயரத்துக்கு நிற்கிறது. நான் கையில் வருகைப்பதிவேட்டோடு என் அறையைத் தேடுகிறேன். எல்லாக் கதவும் திறந்திருக்கின்றன, எல்லா அறையிலும் பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மணி எப்போது அடிக்கும் என்று மணிக்காரரைக் கேட்கிறேன். கேட்கத்தான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவர் தன் மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

பயந்து எழவில்லை. அதுதான் ஆச்சரியம். அந்த வராந்தாவிலேயே இன்னும் கொஞ்சம் நடந்திருக்கலாம் என்று இருந்தது.

அக்கா


செப்டம்பர் 4

அக்கா,

சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள். சத்தமில்லாமல்.

உன் ஏழாம் வகுப்புக்கு முந்தாநாள் போனேன். பின்னங்களை எடுத்தேன். நன்றாகத்தான் தயார் செய்திருந்தேன். சொன்னேன், கரும்பலகையில் போட்டேன், கேள்வி கேட்டேன், பதில் வந்தது. எல்லாம் முடிந்து சுண்ணக்கட்டிக் கையைத் தட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நான் பார்த்த அதே நொடி, முப்பத்து நான்கு பிள்ளைகளும் புத்தகத்தை மூடிப் பையில் வைத்து எழுந்து நின்றார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், மணிக்காரர் மணிக்குக் கீழே வந்து நின்று, கையைத் தூக்கி, ஞாபகம் வந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார்.

"உக்காருங்க, இன்னும் பாதி இருக்கு" என்றேன். உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னதையே மறுபடி சொன்னேன், கிளிப்பிள்ளை மாதிரி. ஜன்னலோரப் பெண் ஒருத்தி, குறும்புக்காகவே நீ 'குறும்பலகை' என்று கூப்பிடுவாயே, அவள் கையைத் தூக்கி, "மிஸ், பெரிய மிஸ் எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். "வருவாங்க" என்றேன். "பேசுவாங்களா?" என்றாள். அதற்கு மேல் அந்த அறையில் நிற்க என்னால் முடியவில்லை. நாற்பது நிமிடம் நின்றேன்.

நீ சொன்னது சரியோ என்று தோன்றுகிறது. ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் இதே கதை. பாட்டு டீச்சர் மட்டும்தான் சந்தோஷமாக இருக்கிறாள். ஒத்திகையை இன்னொரு வாரம் நீட்ட தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதிலும் இப்படித்தான் என்றால் விட்டுவிடலாம் என்கிறார். லீவு டீச்சரும் வர இன்னும் நாளாகும்.

ஒன்றே ஒன்றைக் கவனித்தேன். மூன்றாவது பெஞ்சில் விழுந்த வெயில், நான் வாயடைத்து நின்ற நேரத்தில் இரண்டாவது பெஞ்சுக்கு வந்துவிட்டது. பதினைந்து வருடத்தில் வெயில் நகர்ந்து பார்த்ததில்லை.

பொடிசு


செப்டம்பர் 9

பொடிசு,

சிரித்தேன். சித்தி ஓடி வந்து "அழுறியா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்று ஸ்லேட்டில் எழுதினேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லாமல் வைத்திருந்தேன். இங்கே வந்த மூன்றாவது வாரம், பொழுது போகாமல் ஒரு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு வட்டம். அதன் விளிம்பில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளோடும் கோடு போட்டு இணைத்தால் வட்டம் எத்தனை துண்டாகும்? இரண்டு புள்ளிக்கு இரண்டு துண்டு. மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. ஆறுக்கு? முப்பத்திரண்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முப்பத்தொன்றுதான் வரும்.

இதை ஏழாம் வகுப்புக்கு வருடா வருடம் சொல்லியிருக்கிறேன். எப்படித் தெரியுமா? "முப்பத்திரண்டுன்னு நினைப்பீங்க, இல்ல, முப்பத்தொண்ணு, எழுதிக்குங்க." மூன்று நிமிடம். எழுதிக்கொண்டார்கள். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளையையும் நான் எண்ண விட்டதில்லை. நேரமில்லை.

இங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தேன். எண்ணினேன். முப்பத்தொன்று. விடை தெரிந்தவள்தான், ஆனாலும் ஒன்றை விட்டுவிட்டோமோ என்று இருந்தது. பெரிதாக வரைந்தேன். பென்சிலால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டேன். ஒரு படகு போய், ஒரு படகு வந்தது. தலை நிமிர்ந்தபோது சித்தி மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கிப் போயிருந்தாள். எத்தனை வருடமாயிற்று இப்படி ஒரு கணக்குக்குள் போய்! கூட்டத்தில் நான் உன்னைப் பார்த்துக் கத்தியது அன்றைக்கு முதல் தரமாக உறுத்தியது. உடனே எழுதவில்லை, ஏனென்றால் அந்த வெற்றுக் கட்டம் அதைவிட அதிகமாக உறுத்தியது.

சரி, கேள். நீ செய்த தப்பு ஒன்றுதான். எண்பத்து நான்கு நிமிடத்துக்கும் நீயே பேசப் பார்த்தாய். போ. வட்டத்தைக் கரும்பலகையில் போடு. ஐந்து புள்ளி வரை அவர்களோடு சேர்ந்து எண்ணு. ஆறாவது புள்ளியை வை. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்துத் தொலைக்காதே, நடுவில் மூன்று கோடு ஒரே இடத்தில் வெட்டி ஒரு துண்டு காணாமல் போய்விடும். பிறகு வாயை மூடு. யாராவது "மிஸ், சரியா?" என்று கேட்டால் தலையாட்டாதே, முகத்தையும் காட்டாதே, உன் முகம் எல்லாவற்றையும் உளறிவிடும். நடந்துகொண்டே இரு. பதறாத காரியம் சிதறாது.

நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும். நின்றுகொண்டும் எண்ணலாம்.

அக்கா


செப்டம்பர் 18

அக்கா,

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறாவது புள்ளியை வைத்தேன். வகுப்பு முழுக்க "முப்பத்திரண்டு!" என்று கத்தியது. நான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு வாயை மூடினேன். வரையத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்தும் "ஒண்ணு குறையுது" என்று வந்தது. பக்கத்தில் இருப்பவனின் தாளை வாங்கி எண்ணினார்கள். அவனுக்கும் குறைந்தது. நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்தார்கள். எழுந்து, பையை எடுக்காமல், அடுத்த பெஞ்சுக்குப் போய்க் குனிந்துகொண்டார்கள். அதன் பிறகு சத்தமே இல்லை. முப்பத்து நான்கு பேர் காணாமல் போன ஒரு துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் உன் கனவுக்குள் நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஒரு பெஞ்சைத் தாண்டியது.

கடைசியில் குறும்பலகைதான் எழுந்தாள். "மிஸ், அது தொலையல. அது இருந்ததே இல்ல. நாமதான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டோம்" என்றாள். உன்னிடம் இதை நேரில் சொல்ல வேண்டும் என்று துடித்தேன்.

அதே வாரம் தண்ணீரும் கொதித்தது. வெப்பமானி அசையாமல் நின்றது. ஒரு பையன் "கெட்டுப்போச்சு மிஸ்" என்று அதை உதறப் போனான். தடுத்தேன். மறுபடி தண்ணீரில் வைத்தான். மறுபடியும் அங்கேயே நின்றது.

இப்போது அந்தக் கட்டம். நீ போன மறுநாள், அட்டவணைப் பலகை மாட்டியிருக்கும் என் அறைக்குத் தலைமையாசிரியர் வந்தார், கையில் மஞ்சள் அட்டைகள். லீவு டீச்சருக்கான அட்டைகள். "நீலத்தை எடுத்துட்டு இதைக் குத்திடுங்க" என்றார். அவர் மதியம் வந்து பார்ப்பதற்குள் உன் அட்டைகளை எல்லாம் நானே எடுத்து, பழைய பென்சில் டப்பாவில் போட்டு, கைப்பையில் வைத்துவிட்டேன். வந்தவரிடம், "அந்த இடம் இன்னும் முடிவாகல சார், ஓட்டெடுப்புக்கு அப்புறம் பாக்கலாம்" என்றேன். அதிலிருந்து அது வெறுங்கட்டமாக இருக்கிறது. தினமும் பார்க்கிறேன். எனக்கு அந்தக் கட்டம் என்றால் நீதான். வரைவை உனக்கு அனுப்பும்போது, பார்க்கிறவருக்கு அது காலி இடமாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு முட்டாள்.

டப்பா இன்னும் என் பையில்தான் இருக்கிறது. பேருந்தில் குலுங்கும்போது உள்ளே அட்டைகள் சலசலக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதவே மாட்டேன். உன் குரல் என்னைத் திட்டித்தான் போனது. கடைசி வார்த்தை என்மேல்தான் விழுந்தது. அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை.

பொடிசு


செப்டம்பர் 25

என் பொடிசுக்கு,

மருத்துவரிடம் போய்விட்டு வந்ததும் எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுப் போனேன். சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். ஆறிவருகிறது என்றார். "நவம்பர்ல பேசலாம். ஆனா ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூடாது. கத்தவே கூடாது. வாழ்நாள் முழுக்க" என்றார்.

படகில் திரும்பி வரும்போது கணக்குப் போட்டேன். நாளுக்கு ஆறு பீரியட் எடுப்பவள் நான். நாற்பத்திரண்டை ஆறால் பெருக்கினால் இருநூற்றைம்பத்திரண்டு. எனக்குக் கிடைத்திருப்பது தொண்ணூறு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பழைய அட்டவணையில் எனக்கு இடம் இல்லை. பனிமூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று நன்றாக அழுதேன். துடுப்புக்காரர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

முதலில் உன் குற்றவுணர்வைத் தீர்த்துவிடுகிறேன். என் குரல் உன்னால் போகவில்லை. பின் பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று இருபத்தொன்பது வருடம் கத்தியதால் போனது. மருத்துவர் போன வருடமே எச்சரித்தார், உன்னிடம் மறைத்தேன். கூட்டத்தில் நீ உட்கார்ந்திருந்த இடத்தில் விளையாட்டு மாஸ்டர் உட்கார்ந்திருந்தால் அவர்மேல் போயிருக்கும். இனி வகுப்பில் வாயைத் திறக்கும்போது என்னை நினைக்காதே, பாடத்தை நினை.

நீல அட்டைகள் விஷயம். உன்னை நம்பாமல் போனேனே என்று வெட்கமாக இருக்கிறது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இப்போது என் ஓட்டு. உன் அட்டவணைக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். குதிக்காதே, முழுவதும் படி. தினமும் கணக்கு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தரமாவது அந்தத் துண்டைத் தேட விடவேண்டும், அதிலும் மாறப் போவதில்லை. அதனால் திங்கள், வியாழன், வெள்ளி பழையபடி எட்டு பீரியட். செவ்வாய், புதன் மட்டும் நீட்டு பீரியட். செவ்வாய் நான்கு பாடம், புதன் மற்ற நான்கு. ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் நான்கு நாள் கணக்கைப் பார்க்கும். ஐந்தாவது நாள் கணக்கை மறந்து நிம்மதியாக இருக்கட்டும். உன் தண்ணீரும் வாரத்துக்கு ஒரு தரம் கொதிக்கும்.

என் தொண்ணூறு நிமிடத்துக்கும் இதில் வழி இருக்கிறது, ஆனால் சும்மா வரவில்லை. ஆறாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் லீவு டீச்சருக்குக் கொடுத்துவிடு. ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவு மட்டும் எனக்கு. சாதாரண நாளில் இரண்டு பீரியட், எண்பத்து நான்கு நிமிடம். நீட்டு நாளில் ஒரு பிரிவு மட்டும், அதிலும் வாயை மூடிக்கொண்டிருக்க இப்போது நன்றாகப் பழகிவிட்டது. எட்டாம் வகுப்பை விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அந்த லீவு டீச்சர் பெண் நல்லவள், கரும்பலகையில் வரி கோணாமல் எழுதுகிறாள். போன மாதம்வரை அதற்காகவே அவளைப் பிடிக்கவில்லை. மிச்ச நேரத்துக்கு அட்டவணை வேலையை என்னிடம் கொடு. அதற்குப் பேச வேண்டியதில்லை.

இதைக் கூட்டத்தில் நீயே படித்துக் காட்டு. கணக்கு ஆசிரியர்கள் நான்கு பேரும் கேட்கட்டும். கத்தாமல் படி.

அக்கா


அக்டோபர் 9

அக்கா,

படித்தேன். கத்தவில்லை. பாதியில் பாட்டு டீச்சர் தண்ணீர் கொடுத்தாள்.

இருபத்து மூன்று பேரில் பதினேழு பேர் கை தூக்கினார்கள். கணக்கு நான்கும் சேர்த்து. விளையாட்டு மாஸ்டர் தூக்கவில்லை. "என் முட்டி எண்பத்து நாலு நிமிஷம் தாங்காதும்மா" என்றார். உட்கார்ந்துதானே இருப்பீர்கள் என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. நீ கேட்ட இரண்டு பிரிவையும் தலைமையாசிரியர் கொடுக்கிறாராம், ஒரு பருவத்துக்கு மட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்வாராம். "உங்க அக்கா கடிதத்துல பேசுறது நேர்ல பேசுறதை விட நல்லா இருக்கு" என்றார். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்.

லீவு டீச்சரிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, "எட்டாம் வகுப்புக்கு அவங்க குறிப்பேடு கிடைக்குமா?" என்றுதான். கொடுப்பாயா?

கூட்டம் முடிந்து என் அறைக்கு வந்து பென்சில் டப்பாவைத் திறந்தேன். அட்டைகள் ஓரம் கொஞ்சம் மடங்கியிருக்கின்றன. குத்தலாம் என்று ஊசியை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். நீ வந்து குத்து. உன் இடத்தில் உன் கைதான்.

சீக்கிரம் வா. வீட்டில் சாப்பாட்டு மேசை ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

பொடிசு


நவம்பர் 4, செவ்வாய்

பொடிசு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று நினைப்பாய். ஏழாம் வகுப்பு ஆ பிரிவில், என் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுந்து நடந்தால் பிள்ளைகள் தாளை மூடிக்கொள்கிறார்கள். நடந்துகொண்டே இரு என்று உனக்குச் சொன்ன யோசனையே எனக்கு உதவவில்லை. நான் உட்கார்ந்து வேறு ஏதாவது எழுதினால்தான் என்னை மறக்கிறார்கள்.

காலையில் உள்ளே வந்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். முதல் வாக்கியத்தை எத்தனையோ நாளாகத் தயார் செய்து வைத்திருந்தேன், படகில், படுக்கையில், பேருந்தில். வாயைத் திறந்ததும் அதெல்லாம் மறந்து "உக்காருங்க" என்றுதான் வந்தது. குரல் என்னுடையது மாதிரியே இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தாழ்வு. கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கடைசி பெஞ்சுதான் முதலில் உட்கார்ந்தது. அவ்வளவு அமைதியாக இருந்தார்கள்.

ஒரு புதுக் கணக்கைக் கரும்பலகையில் போட்டேன். என்ன கணக்கு என்று உனக்குச் சொல்ல மாட்டேன், முகத்தில் காட்டிவிடுவாய். அதன் பிறகு மூன்று வாக்கியம் பேசினேன். மொத்தம் நான்கு.

வெயில் இப்போது மூன்றாவது பெஞ்சில் இருக்கிறது. குறும்பலகை பென்சில் முனையைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் மூன்றாவது தாளை எடுத்துவிட்டான். வெளியே மணிக்காரர் நடந்து வந்தார். மணிக்குக் கீழே போகவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்து, உள்ளே பார்த்து, விரலை உதட்டில் வைத்து எனக்கே சைகை காட்டிவிட்டுப் போனார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.

யாரும் எழுந்திருக்கவில்லை.

இந்தத் தாளை வகுப்புத் தலைவியிடம் கொடுத்து உன் அறைக்கு அனுப்புகிறேன். மதியம் அட்டவணைப் பலகைக்கு நீல அட்டைகளை எடுத்து வை, ஊசியோடு வருகிறேன். தொண்ணூறு நிமிடத்தில் இன்று நிறைய மிச்சம் இருக்கும். மிச்சம் முழுவதும் உனக்குத்தான், என்ன வேண்டுமானாலும் கேள், பதில் சொல்கிறேன். கடைசியாக உன்மேல் விழுந்த வார்த்தை கத்தலாக இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதை மாற்ற வேண்டும்.

அக்கா